குளிர்காலக் காலையில் டீசல் வண்டி மக்கர் செய்தால்

உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் நீலகிரி விவசாயிகளுக்கு ஒரு தொல்லை உண்டு. முந்தின நாளே கழுவி மூட்டை கட்டிய காரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கியாக வேண்டும். வண்டியோ ஸ்டார்ட் ஆகாமல் புகையைக் கக்கும். 'பம்ப் போய்விட்டது' என்று கழற்றிச் செலவு செய்யுமுன் புகையின் நிறத்தைக் கவனித்தால், கோளாறு எங்கே என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை 16 முதல் 20 மடங்கு வரை சுருக்கும்போது உண்டாகும் வெப்பமே டீசலைப் பற்ற வைக்கிறது. குளிர்ந்த இரும்பு இந்த வெப்பத்தை உறிஞ்சிவிடும். குளிரில் பேட்டரி வலுவிழந்து, எஞ்சின் ஆயிலும் கெட்டிப்பட்டு, எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் வெப்பம் இன்னும் குறையும். 2,200 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றும் அடர்த்தி குறைந்தது. ஆகவே முதலில் பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்து இறுக்கவும். ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் அது சூடாகிறதா என்று பார்க்கவும். ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் இயக்காமல், அரை நிமிடமாவது இடைவெளி விடவும்.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை என்று பொருள். ஃபில்டர் அடைப்பு, டீசலில் தண்ணீர், அல்லது தளர்ந்த இணைப்பு வழியாக இரவில் புகுந்த காற்று காரணமாகலாம். பழைய வகை வண்டியில் கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றலாம். புதிய காமன் ரெயில் வண்டிகளில் உயர் அழுத்தக் குழாய்களைத் தளர்த்தவே கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

வெண்புகை, எரியாத டீசல்தான். எஞ்சின் சூடேறியதும் மறைந்தால் கவலையில்லை. நீடித்தால் நாசில், டைமிங், கம்ப்ரஷன் இவற்றைச் சோதிக்க வேண்டும். கூடவே ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்து வந்தால் ஹெட் கேஸ்கட் பழுதாக இருக்கலாம், வண்டியை ஓட்டாதீர்கள். கரும்புகைக்குக் காற்றுப் பற்றாக்குறை ஒரு முக்கிய காரணம். ஏர் ஃபில்டரைப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை, ஆனால் பலரும் அதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்! நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

பெட்ரோல் நனைத்த துணியை ஏர் ஃபில்டரில் பிடித்து ஸ்டார்ட் செய்வது எஞ்சினை உடைக்கும், தீப்பிடிக்கவும் செய்யும். சரிவில் நிறுத்தி, காலையில் உருட்டி ஸ்டார்ட் செய்யும் வழக்கமும் மலையில் உண்டு. எஞ்சின் ஓடாதபோது பிரேக் உதவி கிடைக்காது, மிதி கல்லாக இறுகும். மூட்டை ஏற்றிய வண்டியில் இதைச் செய்யவே வேண்டாம்.