தரையிறங்க முன்அனுமதி வேண்டுமா?



விமான நிலையம் என்றதும் எங்களுக்கு ஹீத்ரோவும் கட்விக்கும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பிரித்தானியாவின் கிராமப்புறங்களில் சிறுவிமானங்கள் இறங்கும் தளங்கள் ஏராளம் உண்டு. பலவற்றில் ஓடுபாதை வெறும் புல்தரைதான். எங்கள் பிள்ளைகளில் யாராவது விமானம் ஓட்டப் பழகினால், இப்படியான இடங்களுக்கும் பறந்து போக நேரும்.

இவற்றில் பல தளங்களின் விபரக் குறிப்பில் 'பி.பி.ஆர்.' என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். முன்அனுமதி பெற்றே வரவேண்டும் என்பது அதன் பொருள். பெரும்பாலும் புறப்படுமுன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் போதும்.

இதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. முதலாவது, பல தளங்கள் தனியார் காணிகள். மழைக்குப் பின் புல்தரை சேறாகிக் கிடக்கலாம். அன்று பரசூட்டில் குதிப்பவர்கள் வானில் இருக்கலாம். எந்த ஊருக்கு மேலால் பறந்தால் அயலவர்கள் சத்தம் என்று முறைப்பாடு செய்வார்கள் என்பதும் அந்த அழைப்பில்தான் தெரியவரும்.

ஆனால் அமெரிக்காவில், பொதுப் பாவனைக்குரிய தளங்களில் இறங்கச் சிறுவிமானிகள் பொதுவாக இப்படி முன்கூட்டி அனுமதி கேட்பதில்லை. இங்கு மட்டும் ஏன் என்று சில விமானிகள் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. நடுவானில் காலநிலை கெட்டுவிட்டது, கீழே ஒரு தளம் தெரிகிறது, அனுமதியோ இல்லை. "ஏசுவார்களோ, கட்டணம் கேட்பார்களோ" என்று தயங்கி, விமானி மேகத்துக்குள் தொடர்ந்து பறந்தால் என்னவாகும்?

பிரித்தானிய சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை, 1985 முதல் 1994 வரை நடந்த சிறுவிமான உயிரிழப்பு விபத்துகளை ஆராய்ந்து 1997இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நேரத்தோடு வேறு தளத்துக்குத் திரும்பியிருந்தால், அல்லது முன்னெச்சரிக்கையாக இறங்கியிருந்தால், சில விபத்துகளைத் தவிர்த்திருக்கலாம் என்று அது கூறியது.

இதைக் கையில் எடுத்தவர் சார்ல்ஸ் ஸ்ட்ராசர் என்ற விமானி. செக்கோசிலோவாக்கியாவில் பிறந்து, சிறுவயதில் அகதியாகப் பிரித்தானியா வந்தவர். அவசரமாகவோ முன்னெச்சரிக்கையாகவோ இறங்கும் சிறுவிமானத்திடம் தரையிறங்கும் கட்டணம் வாங்குவதில்லை என்று 200க்கும் மேற்பட்ட தளங்களை அவர் இணங்க வைத்தார். அந்த ஏற்பாடு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

ஆகவே முன்அனுமதி கேட்பது நல்ல வழக்கம்தான். ஒருவர் வீட்டுக்குப் போகுமுன் சொல்லிவிட்டுப் போவதைப் போன்றது. ஆனால் ஆபத்து என்று வந்தால் அந்த விதி குறுக்கே நிற்பதில்லை. 121.5 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் உதவி கேட்கலாம். உயிராபத்தென்றால் 'மேடே' என்று மூன்று முறை சொல்லவேண்டும். அந்த அளவுக்கு மோசமில்லாத அவசரத்துக்கு 'பான் பான்'.

பறக்கப் பழகும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்: சாதாரண நாளில் கேட்டுவிட்டு இறங்கு, ஆபத்தில் இறங்கிவிட்டு விளக்கம் சொல்.