பாசியைக் கெட்டியாக்கும் பொட்டாசியம், வளைய வைக்கும் கிளிசரின்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பகுதிகளில் மூங்கில் மிதவைகளில் நீங்கள் வளர்க்கும் 'பெப்சி பாசி'யை, அதாவது கப்பாபைகஸை, ஆலைகள் வாங்குவது அதிலுள்ள காரஜீனன் என்ற கூழ்ப்பொருளுக்காக. கூழ் எந்த அளவுக்கு உறுதியாக உறைகிறதோ, அந்த அளவுக்கு அதற்கு மதிப்பு.

அந்த உறுதியைக் கூட்டுவது சாதாரணமான சிறு பொருள்கள்தான். ஆலையில் பாசியைச் சூடான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வேகவைக்கிறார்கள். காரம், காரஜீனன் இழையில் உள்ள சல்பேட்டில் ஒரு பகுதியை நீக்குகிறது. அதன்பின் இழைகள் எளிதாக முறுக்கிக்கொள்கின்றன. முறுக்கிய இழைகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பிடிப்பது பொட்டாசியம். கயிறு திரிப்பதைப் போலத்தான். சோடியத்துக்கு இந்தத் திறன் குறைவு. அதனால் சமையல் உப்பு சேர்த்தால் கூழ் தளர்வாகவே இருக்கும். பொட்டாசியம் குளோரைடு சேர்த்தால் கத்தியால் வெட்டும் அளவுக்கு இறுகும். நம் கஞ்சிப்பாசியிலிருந்து அகர் எடுக்கும்போதும் காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பது இதே காரணத்துக்காகத்தான்.

காரஜீனனை மெல்லிய தாளாகவும் வார்க்கலாம். ஆனால் அப்படியே காயவைத்தால் காய்ந்த பனையோலை போல ஒடியும். கொஞ்சம் கிளிசரின் கலந்தால் அது இழைகளுக்கு நடுவே புகுந்து, தாளை வளைய வைக்கிறது. கூடிப்போனால் தாள் பிசுபிசுக்கும், இழுத்தால் கிழியும். இந்தத் தாள் பிளாஸ்டிக்குக்கு மாற்று என்று யாராவது சொன்னால் ஒன்றைக் கேளுங்கள்: தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? ஊறி உப்பிவிடும். உணவுப்பொருளைச் சுற்ற உதவலாம். உங்கள் முண்டு மிளகாய் வயலில் சொட்டுநீர்க் குழாய்க்கு மேல் மூடாக்காக விரிக்க இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஆலையில் எதைச் சேர்த்தாலும் இளம் பாசியைத் தேற்ற முடியாது. கைச்செலவுக்குப் பணம் வேண்டுமென்று 30 நாளிலேயே அறுப்பவர்கள் உண்டு, சிரமம் புரிகிறது. ஆனால் 45 நாள் விட்டால்தான் எடையும் கூழின் உறுதியும் சேர்ந்து வரும். 10 கிலோ பச்சைப் பாசி காய்ந்தால் சுமார் 1 கிலோதான். அதையும் மணலில் பரப்பாமல், தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய வலையில் காயவையுங்கள். நல்ல தண்ணீரில் அலசக் கூடாது. மழை வரும் அறிகுறி தெரிந்தால் உடனே தார்ப்பாயால் மூடுங்கள்; மழையில் நனைந்தால் உப்போடு காரஜீனனும் கரைந்து போகும். ஈரம் சுமார் 35 சதவீதத்துக்கு இறங்கிய பிறகு மூட்டை கட்டலாம்.