இணைப்பு அறுந்து சந்தாப் பதிவுக் கோப்பு பழுதானால் என்ன செய்வது?

உலு திராமில் மாலை இடிமழையின்போது மின்சாரம் ஒரு கணம் போய் வந்தாலே வைஃபை ரௌட்டர் அணைந்து மீண்டும் எரியும். வீட்டில் அதனால் பெரிய நட்டமில்லை. ஆனால், ஆலயமோ மரண சகாய நிதியோ சந்தாப் பதிவை மைக்ரோசாப்ட் அக்சஸ் கோப்பில் வைத்து, பல கணினிகளில் பகிர்ந்து பயன்படுத்தினால், அந்த ஒரு கணம் போதும். பல ஆண்டுப் பதிவு திறக்காமல் போகலாம்.

காரணம் இதுதான். அக்சஸ் கோப்புக்குத் தனி சர்வர் கிடையாது. ஒவ்வொரு கணினியும் நேரடியாகக் கோப்பிலேயே எழுதுகிறது. எழுதும்போது இணைப்பு அறுந்தால், கோப்பு பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். பிறகு திறந்தால், 'அன்ரெகக்னைஸ்டு டேட்டாபேஸ் ஃபார்மட்' போன்ற பிழைச் செய்தி வரும்.

பதற்றம் வேண்டாம். முதலில் எல்லாக் கணினிகளிலும் அக்சஸை மூடுங்கள். பழுதான கோப்பை அப்படியே நகலெடுங்கள். அந்த நகலில் மட்டும் 'கம்பேக்ட் அண்ட் ரிப்பேர்' செய்யுங்கள். இதில் சில பதிவுகள் நீங்கிவிடலாம். ஆகவே ரசீதுப் புத்தகத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். சரிவராவிட்டால், முன்பு எடுத்து வைத்த நகலுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மீண்டும் நேராமலிருக்க, கணினிகளை வைஃபைக்குப் பதிலாக கேபிளில் இணையுங்கள். ரௌட்டருக்கும் கணினிகளுக்கும் யூபிஎஸ் பொருத்துங்கள். பதிவு செய்யும் ஒவ்வொரு நாளும், வேலை முடிந்ததும் கோப்பை மூடிவிட்டு, பென்டிரைவில் ஒரு நகல் எடுங்கள்.

துக்க நாளில் ஒரு குடும்பம் உதவி கேட்டு வரும்போது, அந்தப் பெயர் பதிவில் இருக்க வேண்டும்.