உடுப்பிட்டியிலிருந்து ஒரு லண்டன் வேலை

யாழ்ப்பாண மாவட்டத்து உடுப்பிட்டியில் வீட்டிலிருந்தபடியே லண்டன் நிறுவனமொன்றுக்கு மென்பொருள் எழுதுவோருக்கு நேர வேறுபாடு பெருந்தடையன்று. அங்கு காலை 9 மணியாகும்போது இங்கு கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30 என்பதால், முற்பகலில் தனித்து வேலை செய்து, மாலையில் குழுவினருடன் கலந்துரையாட முடிகிறது. கடினமானது முதல் வாய்ப்பே. யாழ்ப்பாணத்துத் தொழில்நுட்ப அமைப்பான யாழ் ஐரி ஹப் நடத்தும் ‘யாழ் கீக் சலெஞ்ச்’ போன்ற போட்டிகள் இளையோருக்குக் குழுவாக இயங்கும் பழக்கத்தைத் தருகின்றன. எனினும் வெளிநாட்டு நிறுவனங்கள் பல, சான்றிதழைவிட, கிட்ஹப் எனும் இணையக் களஞ்சியத்தில் விண்ணப்பதாரர் இட்டுள்ள நிரலையும், பிறர் சுட்டிய வழுவுக்கு அவர் தெளிவான ஆங்கிலத்தில் எழுதிய மறுமொழியையுமே கூர்ந்து பார்க்கின்றன.

ஊதியம் பேசும்போது டொலர் தொகை கண்ணை மயக்கிவிடும். ஒப்பந்தக்காரராக, அதாவது நிரந்தர ஊழியராக அன்றி மாதந்தோறும் விலைப்பட்டியல் அனுப்பிப் பணம் பெறுபவராக அமர்த்தப்படுவோருக்கு, உள்ளூர்த் தொழில்தருநர் செலுத்தும் 12 சதவீத ஊழியர் சேமலாப நிதியும் 3 சதவீத ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் பொதுவாகக் கிடைப்பதில்லை. இவற்றோடு சம்பளத்துடனான விடுமுறையும் இல்லை என்பதைக் கணக்கிட்டே தொகை கேட்பது தகும். 2025 ஏப்ரல் முதல், வங்கி வழியே இலங்கைக்குள் வரும் இத்தகைய வருமானத்துக்கு அதிகபட்சம் 15 சதவீத வரியும் உண்டு.