நிகண்டும் பிறமொழிச் சொல் நினைவும்

சொல்லை மனத்தில் இருத்தும் கலையில் தமிழர்க்குப் பழம்பயிற்சி உண்டு. நிகண்டுகள் செய்யுளால் அமைந்தவை; மனப்பாடத்திற்கு ஏற்றவை. திவாகரமும் பிங்கலமும் நூற்பாவால் இயன்றன. மண்டலபுருடர் சூடாமணி நிகண்டை விருத்தத்தால் யாத்தார். செய்யுளில் ஒரு சொல் மறந்தால் ஓசை தட்டும். அத்தட்டே மறதியைக் காட்டிக்கொடுக்கும். ஒரு பொருள் குறித்த பல பெயர்களை நிகண்டுகள் ஒருங்கு தொகுத்தன; ஒரு சொற் பல்பொருட் பெயர்களை மண்டலபுருடர் எதுகை முறையில் நிரல்படுத்தினார். திண்ணைப் பள்ளி மாணாக்கர் இவற்றை ஓதி ஓதிப் பயின்றனர்.

இம்முறை பிறமொழி கற்பார்க்கும் அவ்வாறே பொருந்துமோ என்பதே ஈண்டு நம் வினா. இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டியிலும் வடமாநிலத் தொழிலாளரும் பணிபுரிகின்றனர். அவருள் தமிழ் புதிதாகக் கற்பார் ஒருவர்க்கு ‘ஏற்று’, ‘இறக்கு’ என்னும் இரண்டையும் ஒரே நாளில் இணையாகக் கற்பித்தோம் என்க. இரண்டும் ஏவல், இரண்டும் சுமை பற்றியன, இரண்டிலும் றகரம் உண்டு. பாரம் தலைக்குமேல் தொங்குகையில் ஒன்றற்கு மற்றொன்று நினைவில் எழுமாயின், விளைவது சொற்பிழை மட்டுமன்று, உயிர்க்கேடும் ஆகலாம்.

பொருளால் நெருங்கிய புதுச்சொற்களை ஒருங்கே கற்றல், தொடர்பில்லாதவற்றைக் கற்றலினும் கடிது என்பதை, செயற்கைச் சொற்களைக் கொண்டு தாமசு திங்காம் 1993இல் காட்டினார். இதனால் நிகண்டின் பெருமை குன்றாது. நிகண்டு கற்போர் தமிழை முன்னரே பேசுவோர். அவர்க்குத் தொகுதி என்பது அறிந்தவற்றோடு அறியாதவற்றைச் சேர்த்து வைக்கும் பேழை. பிறமொழியாளர்க்கோ எல்லாச் சொல்லும் புதிது. ஆதலின் ‘ஏற்று’ என்பது வேரூன்றிய பின்னரே ‘இறக்கு’ வருதல் வேண்டும்.

அறிந்த ஒலியைப் பற்றுக்கோடாகக் கொண்டு புதுச்சொல்லை நினைவில் இருத்துதல் பிறிதொரு முறை. அட்கின்சனும் ராவும் உருசியச் சொற்களைக் கொண்டு இதன் பயனை 1975இல் நிறுவினர். ஆயினும் இந்தியில் ‘அவசர்’ என்பது வாய்ப்பு. தமிழில் ‘அவசரம்’ என்பது விரைவு. ஒலி ஒத்துப் பொருள் வேறுபடும் இத்தகைய இடங்களை ஆசிரியர் முதற்கண்ணே சுட்டுதல் கடன்.

நிகண்டுப் பயிற்சியினின்று நாம் முதலிற் கொள்ளத்தக்கன செய்யுளோசையும் நாள்தோறும் மீள ஓதுதலுமே. ஒரே அமர்வில் பன்முறை ஓதுதலினும் இடைவெளி விட்டுப் பயிலுதல் நிலைபெறும் என்பதை எபிங்காசு 1885இலேயே கண்டறிந்தார். தொகுதிமுறை இறுதிப் படியாக அமைக. தொகுத்தற்குச் சில சொற்களேனும் முன்னர் மனத்தில் நிலைத்திருத்தல் வேண்டுமன்றோ?