துறைமுகத் திட்டங்களும் அரசின் கண்காணிப்பும்

கிள்ளான் துறைமுகம் அரசாங்கத்துடையது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான். அங்குச் சரக்குப் பெட்டகங்களை ஏற்றி இறக்குபவை தனியார் நிறுவனங்கள். அவற்றுக்கு மேலிருந்து துறைமுகத்தை ஒழுங்குபடுத்துவது, 1963ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கிள்ளான் துறைமுக ஆணையம். அது சட்டத்தின்வழி அமைந்த பொது அமைப்பு. ஆயினும், ஒரு நிறுவனத்தைப் போலவே திட்டம் தீட்டும், நிலம் வாங்கும், கடன்படும். கணக்குத் தவறினால் சுமப்பது மக்கள் பணம். அதனால்தான் அதன் திட்டங்களுக்கு அரசின் கண்காணிப்புத் தேவைப்படுகிறது.

மூன்று வாயில்கள்

இக்கண்காணிப்புக்கு மூன்று வாயில்கள் உள்ளன. முதலாவது, ஆணையத்தின் வாரியமும் போக்குவரத்து அமைச்சும். ‘இத்திட்டம் தேவைதானா?’ என்று கேட்க வேண்டியவர்கள் இவர்கள். இரண்டாவது, நிதியமைச்சு. ‘பணம் எங்கிருந்து வரும்? யார் திருப்பிக் கட்டுவது?’ என்பது அதன் கேள்வி. மூன்றாவது, தலைமைக் கணக்காய்வாளரும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவும். முதல் இரண்டும் பணம் போகுமுன் நிற்பவை. மூன்றாவது, போனபின் விசாரிப்பது.

இண்டா தீவு தந்த பாடம்

கிள்ளான் துறைமுகத் தடையற்ற வணிக மண்டலத்துக்காக இண்டா தீவில் ஏறக்குறைய 1,000 ஏக்கர் நிலத்தை ஆணையம் 2002இல் வாங்கியது. விலை சதுர அடிக்கு 25 வெள்ளி; மொத்தம் ஏறத்தாழ 108 கோடியே 80 லட்சம் வெள்ளி. அதன்பின் கட்டுமானச் செலவும் கூடிக்கொண்டே போனது. 2009 மே மாதம் வெளியான தணிக்கை நிறுவனமொன்றின் அறிக்கை, 195 கோடியே 70 லட்சமாக இருந்த திட்டச் செலவு, வட்டி நீங்கலாகவே 352 கோடியே 20 லட்சத்தை எட்டியதாகக் கூறியது.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை ‘ஆதரவுக் கடிதங்கள்’. நிதியமைச்சின் முன் அனுமதியின்றிப் போக்குவரத்து அமைச்சிலிருந்து இவை வழங்கப்பட்டன. மேம்பாட்டு நிறுவனம் கடன் பத்திரங்கள் வெளியிட்டபோது, முதலீட்டாளர்கள் இவற்றை அரசின் உத்தரவாதமாகவே எடுத்துக்கொண்டனர். இரண்டாம் வாயிலைத் தட்டாமலேயே அரசு பொறுப்பேற்கும் நிலை உருவாயிற்று. கடைசியில், 2007இல் அமைச்சரவை ஏறக்குறைய 463 கோடி வெள்ளியைக் கடனாகக் கொடுத்து ஆணையத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கை வந்ததோ 2009இல்தான்.

இவ்விவகாரத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட முன்னாள் போக்குவரத்து அமைச்சர்கள் இருவரும் பின்னர் விடுவிக்கப்பட்டனர். நீதிமன்றம் பார்ப்பது, குற்றம் நிரூபணமானதா என்பதை. கண்காணிப்பு பார்க்க வேண்டியது, முடிவு சரியானதா என்பதை. முன்னதைக் கொண்டு பின்னதை ஈடுசெய்ய முடியாது.

நிறைவாக

கண்காணிப்பு என்றால் முட்டுக்கட்டை என்று சிலர் சலித்துக்கொள்வர். ஒரு கேள்வியால் சில மாதங்கள் தாமதமாகலாம். கேட்கப்படாத கேள்வியோ பல கோடியை விழுங்கும். நாளை நம்மில் சிலர் அமைச்சுகளிலும் வாரியங்களிலும் அமரக்கூடும். கோப்பு நம் மேசைக்கு வரும்போது, கையொப்பமிடுமுன் கேட்போம்: ‘இதற்கு யார் பணம் கட்டுவது?’ வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை.