"இங்கே சொல்றது வெளியே போகாதுல்ல?"

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

நான் ராமநாதபுரத்தில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி என்று கடற்கரை ஊர்களிலிருந்துதான் என்னிடம் நிறைய பேர் வருகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, இங்கே சொல்றது வெளியே போகாதுல்ல?"

இந்த எபிசோடில் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லப் போறேன். "போகாது"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடலாம். ஆனா அது முழு உண்மை இல்லை. முழு உண்மையைச் சொன்னால்தான் நம்பிக்கை வரும் என்பது இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது.

முதலிலேயே ஒன்று சொல்லிடறேன். இதில் என்னிடம் வந்த யாருடைய கதையும் வராது. பெயரை மாற்றிச் சொன்னாலும் வராது. நம்ம ஊர்ப் பக்கம் "பாம்பன்ல ஒரு படகுக்காரர் வீட்டம்மா"ன்னு ஆரம்பிச்சாலே போதும், யார்னு கண்டுபிடிச்சிடுவாங்க. என் தப்பு ஒன்றை மட்டும் சொல்வேன்.

மறைப்பதும் காப்பதும்

ரகசியம் என்றாலே இந்த மாவட்டத்துக்காரியான எனக்கு ஏர்வாடி நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது.

அந்தச் சம்பவத்தில் எனக்கு உறுத்துவது இது. மனநோய் வந்தவரை ஊர் கண்ணில் படாமல் வைத்திருப்பதுதான் குடும்ப கௌரவம் என்று ரொம்ப காலமாக நினைத்திருக்கிறோம். அதில் மறைக்கப்படுவது அந்த மனிதர். என்ன மறைப்பது, யாரிடம் சொல்வது என்று அவரை யாரும் கேட்பதில்லை. நான் சொல்லும் ரகசியக் காப்பு இதற்கு நேர் எதிரானது. மனிதர் வெளியே சுதந்திரமாக நடமாடுவார். அவர் சொன்ன சொல் மட்டும் உள்ளே பூட்டியிருக்கும். சாவி அவர் கையில் இருக்கும்.

2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்ததும் அதுதான், சிகிச்சை பெறுகிறவரின் ரகசியத்தை உரிமை என்று 23-ஆம் பிரிவில் எழுதி வைத்ததும் அதுதான். ரெண்டும் ஒரே சட்டத்துல இருக்கிறது எனக்குப் பொருத்தமாவே படுது.

நான் செய்த தப்பு

தனியாகத் தொழில் ஆரம்பித்த முதல் வருஷம். ஒருவருக்கு வாட்ஸ்அப்பில், "நாளை காலை 11 மணிக்கு கவுன்சிலிங். மறக்காமல் வரவும்" என்று நினைவூட்டல் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அந்த எண்ணிலிருந்தே பதில் வந்தது: "யாருங்க நீங்க? என்ன கவுன்சிலிங்?" போன் வீட்டில் வேறு ஒருவர் கையில் இருந்திருக்கிறது.

அவர் மறுநாள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. நான் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கவும் முடியாது, கூப்பிட்டால் அதே தப்பை இரண்டாவது தடவை செய்ததாகிவிடும். அந்த வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கணினியை யாரும் உடைத்துத் திருடவில்லை. ஒரு வரியை நான் யோசிக்காமல் அனுப்பினேன், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து முதல் சந்திப்பிலேயே மூன்று கேள்வி கேட்கிறேன். இந்த போன் உங்கள் கையில் மட்டும் இருக்குமா? எந்த நேரம் கூப்பிடலாம்? வேறு யாராவது எடுத்தால் நான் என்ன சொல்லட்டும்? நம்ம கடற்கரையில் நேரம் என்பது கடலையும் பொறுத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் ஆண்கள் அப்போது வீட்டில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் வசதியாக இருந்த நேரம் அந்த இரண்டு மாதம் ஆபத்தாக இருக்கலாம். அதனால் தடைக்காலம் தொடங்கும் முன் எல்லோரிடமும் மறுபடி கேட்டுவிடுவேன்.

வாசலிலிருந்து அலமாரி வரை

ஒருவர் வந்துபோன பிறகு இன்னொருவர் வர கால் மணி நேரம் இடைவெளி விடுகிறேன். வாசலில் இரண்டு பேர் முகத்தோடு முகம் பார்க்க வேண்டியதில்லை. அறைக் கதவுக்கு வெளியே ஒரு மின்விசிறி சத்தமாக ஓடும், பேச்சு வெளியே கேட்காது. பணம் வந்ததும் உரக்கச் சொல்லும் அந்த ஸ்பீக்கர் பெட்டியை வைக்கவில்லை. போனில் பணம் அனுப்புகிறவர்களிடம், குறிப்பு எழுதும் இடத்தில் எதையும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

சந்தையிலோ கோயிலிலோ கல்யாண வீட்டிலோ பார்த்தால் நானாக வணக்கம் சொல்ல மாட்டேன். அவர்கள் பேசினால் பேசுவேன். இதையும் முதல் நாளே சொல்லி வைக்கணும், இல்லாட்டி "மேடத்துக்குத் தலைக்கனம்"னு நினைப்பாங்க.

சில சமயம் போன் வரும்: "என் சம்சாரம் அங்கே வந்தாங்களா?" வந்திருந்தாலும் வராவிட்டாலும் என் பதில் ஒன்றுதான்: "யார் வர்றாங்க, யார் வரலைன்னு நான் யாருக்கும் சொல்றதில்லைங்க." வராதவர்களுக்கு மட்டும் "வரலை" என்று சொல்ல ஆரம்பித்தால், சொல்லாமல் விட்டவர்கள் வந்தவர்கள் என்று தெரிந்துவிடும்.

குறிப்பேட்டில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் வேறொரு பூட்டிய பெட்டியில் இருக்கும். ஒன்று மட்டும் கிடைத்தால் யாருக்கும் பயனில்லை. குறிப்பும் சுருக்கமாகத்தான் எழுதுவேன். அடுத்த சந்திப்புக்குத் தேவையில்லாத குடும்ப விவரம் அதில் எதற்கு? நாளைக்கு எனக்கே ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பெட்டிகளை யார் திறந்து என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறேன்.

மண்டபம் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருபவர்களிடம் வேறொன்று கற்றுக்கொண்டேன். பதிவு, அடையாள அட்டை, கணக்கெடுப்பு என்றே பல வருஷம் வாழ்ந்தவர்கள் அவர்கள். நான் பேனாவை எடுத்ததுமே சிலருக்குப் பேச்சு நின்றுவிடும். அதனால் எழுதியதை அவர்களிடமே காட்டுகிறேன், வாசித்தும் காட்டுகிறேன். வேண்டாம் என்று சொன்ன வரியை அவர்கள் முன்பே அடித்துவிடுகிறேன். தன் மருத்துவப் பதிவைப் பார்க்கும் உரிமையை 2017 சட்டத்தின் 25-ஆம் பிரிவும் தருகிறது.

போனில் இருப்பதற்கும் சட்டம் உண்டு

கணினியிலோ போனிலோ வைத்திருக்கும் விவரங்களுக்கு 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. சாரம் எளிமையானது. எதற்காக விவரம் வாங்குகிறேன் என்று புரியும்படி சொல்ல வேண்டும், தமிழில் கேட்டால் தமிழில் தர வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற வழி இருக்க வேண்டும். விவரம் கசிந்தால் சம்பந்தப்பட்டவருக்கே தெரிவிக்க வேண்டும். காகித நோட்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனா அந்தப் பக்கத்தை போன்ல ஒரு போட்டோ எடுத்தா, அந்தப் படத்துக்குப் பொருந்தும். நான் எடுப்பதில்லை.

எங்கே என் வாக்கு முடிகிறது

இப்போ கஷ்டமான பகுதி. நான்கு இடங்களில் நான் வாய் திறக்க வேண்டியிருக்கும்.

ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தால், அவரைக் காப்பாற்றக்கூடிய ஒருவரிடம் சொல்வேன். இன்னொருவருக்கு உயிராபத்து வரும் என்று தெரிந்தாலும் அப்படித்தான். மூன்றாவது, 18 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் தண்டனை உண்டு. 17 வயசுப் பொண்ணு "என் விருப்பத்தோடதான்"னு சொன்னாலும் சட்டத்துக்கு அவள் குழந்தைதான். நான்காவது, நீதிமன்ற உத்தரவு. வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பு ஆலோசகருக்கு இல்லை.

அப்போதும் தேவையானதை மட்டும், தேவையானவரிடம் மட்டும் சொல்வேன். முடிந்தவரை, சொல்லும் முன் அவரிடமே "இதை நான் சொல்ல வேண்டியிருக்கு" என்று தெரிவிப்பேன்.

இந்த நான்கையும் முதல் சந்திப்பின் முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறேன். "இதைக் கேட்டா பயந்துபோய் எந்திரிச்சுப் போயிட மாட்டாங்களா?"ன்னு ஒரு தோழி கேட்டாங்க. சிலர் போயிருக்காங்க. ஆனால் எல்லாவற்றையும் கொட்டிய பிறகு "இதைச் சொல்லியாகணும்" என்று தெரிந்துகொள்வது அதைவிட மோசம். எல்லை தெரிந்தவர் எதைச் சொல்வது என்று தானே முடிவு செய்கிறார். சாவி அவர் கையில் என்றேனே, அதன் அர்த்தம் இதுதான்.

நீங்கள் எந்த ஆலோசகரிடம் போனாலும் தயங்காமல் கேளுங்க. என்ன எழுதுறீங்க? எங்கே வைக்கிறீங்க? வேற யார் பார்ப்பாங்க? எப்போ வெளியே சொல்வீங்க? எவ்வளவு நாள் வச்சிருப்பீங்க? முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் உட்காருங்கள்.

வாசல் ஏறி வருவதே கஷ்டம் என்றால், டெலி மானஸ் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு உதவி எண், 14416. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலில் அந்த எண்ணை அழிக்க வேண்டியிருந்தால் அழித்துவிடுங்கள்.

உங்களுக்குக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள், அடுத்த எபிசோடில் பேசலாம். பெயர் எழுத வேண்டாம். ஊரும் வேண்டாம். கேள்வி மட்டும் போதும்.